களஞ்சியக் கணக்கை வாசிப்பவர்கள்

செஞ்சிக் கோட்டையின் வலிமையை அதன் மதில்களில் தேடுவதே வழக்கம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் ஒருசேர வளைத்து ஓடும் சுற்றுமதிலும், சுமார் 800 அடி உயர்ந்து நிற்கும் ராஜகிரியின் பாறை முகமும், உச்சியை நெருங்குமிடத்தில் ஆழ்ந்த பிளவொன்றின் குறுக்கே போடப்பட்டிருக்கும் பாலமும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்ப்பவை. ஆனால் கோட்டையைக் கட்டியவர்களும் பின்னர் ஆண்டவர்களும் கல்லை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதற்கு, ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலுக்குச் சற்றுத் தள்ளி, வளைவுக் கூரையும் தடித்த சுவரும் கொண்டு இன்றும் நிற்கும் தானியக் களஞ்சியங்கள் சாட்சியாகின்றன. 1690இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிவுக்கு வந்தது என்பதும், அதன் நடுவில், 1692ஆம் ஆண்டின் இறுதியில், மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து வழிகளை அடைத்தபோது தானியமின்றித் தவித்தது கோட்டைக்குள் இருந்தவர்கள் அல்லர், வெளியே கூடாரம் அடித்திருந்த முற்றுகைப் படையே என்பதும் அந்தக் களஞ்சியங்களின் அருகில் நின்று நினைத்துப் பார்க்கத் தக்கவை. (களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடம் என்று அடையாளம் காட்டப்படும் கட்டடமும் இருக்கிறது, தின்பதும் கரைப்பதும் அடுத்தடுத்த வாசல்களில் நடந்தன என்று இன்றைய பார்வையாளர் புன்னகைத்துக்கொள்ளலாம்.)

களஞ்சியம் நிறைந்திருந்தால் மட்டும் கோட்டை காப்பாற்றப்படுவதில்லை. உள்ளே எத்தனை கலம் நெல் இருக்கிறது, அது எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு மலைமேல் இருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்த ஓலையை வாசிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை ஒருவர் அங்கே இருக்க வேண்டும். ஓலையே எழுதப்படாத கோட்டையிலும், எழுதப்பட்ட ஓலையை வாசிப்பார் இல்லாத கோட்டையிலும் விளைவு ஒன்றுதான்: களஞ்சியம் வழிய வழிய நிறைந்திருக்கும்போதே பஞ்சம் வந்துவிட்டது என்ற அச்சத்தில் மேலும் மேலும் நெல் சேர்க்க ஆணை பிறக்கும். உடற்பருமன் பற்றிய கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி, பெருந்தீனி என்றும் சோம்பல் என்றும் ஊர் சொல்லிவந்த ஒன்றை, ஏறத்தாழ இந்தக் கணக்குக் கோளாறாகவே அடையாளம் கண்டிருக்கிறது. அந்த அடையாளத்தைச் சாத்தியமாக்கிய கருவிகளில் முக்கியமானது, விசித்திரமாக, ஒரு வைரஸ்.

உடலின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, தொலைவிலுள்ள இன்னோர் இடத்தின் நடத்தையை மாற்றும் வேதிச்செய்தி ஹார்மோன்; அந்தச் செய்தி தன்மேல் வந்து பொருந்தும்போது வடிவம் மாறி உயிரணுவுக்குள் தகவலைக் கடத்தும் புரதம் ஏற்பி. கொழுப்பணுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சேமிப்பு கூடினால் லெப்டின் கூடுகிறது, பட்டினி கிடந்தால் சடுதியில் குறைகிறது. லெப்டினைப் ‘போதும்’ என்று சொல்லும் ஹார்மோனாகவே முதலில் புரிந்துகொண்டார்கள்; ஆனால் ‘குறைகிறது, எச்சரிக்கை’ என்று சொல்வதே அதன் மூத்த வேலையாக இருக்கலாம் என்று ஜெஃப்ரி ஃபிளையர் குழுவினர் 1996இல் காட்டிய பட்டினிச் சோதனைகள் உணர்த்தின. உடலின் கணக்கு முற்றுகைக் காலத்துக் கணக்கு என்று இதைக் கொள்ளலாம்.

கணக்கின் இரு முனைகளையும் பிரித்துக் காட்டியவை அமெரிக்காவின் பார் ஹார்பரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் தற்செயலாகப் பிறந்த இரண்டு சுண்டெலி வம்சங்கள். ஓபி எனப்பட்ட வம்சம் 1949இலும், டிபி எனப்பட்ட வம்சம் 1966இலும் கண்டறியப்பட்டன. இரண்டுமே ஓயாமல் தின்று பந்துபோல் பருத்தவை. டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் இரண்டு சுண்டெலிகளின் உடலைப் பக்கவாட்டில் தைத்து ரத்த ஓட்டத்தைப் பொதுவாக்கும் கொடூரமான, ஆனால் தெளிவான, ஒரு சோதனையைச் செய்தார். டிபியோடு இணைத்த சாதாரணச் சுண்டெலி உணவு எதிரில் இருந்தும் தின்னாமல் பட்டினியால் இறந்தது. டிபியோடு இணைத்த ஓபியும் அப்படியே இறந்தது. சாதாரணச் சுண்டெலியோடு இணைத்த ஓபியோ குறைவாகத் தின்றது. ஓபியில் ஓலை எழுதப்படவில்லை, டிபியில் ஓலை குவிந்துகிடந்தும் வாசிப்பவர் இல்லை என்ற முடிவுக்குக் கோல்மன் 1970களிலேயே வந்துவிட்டார். அவர் ஊகித்த ஓலையை, அதாவது லெப்டின் மரபணுவை, ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994இல் கண்டெடுத்தார்கள். வாசிப்பவர், அதாவது லெப்டின் ஏற்பி, அடுத்த ஆண்டே அகப்பட்டது. 1997இல், பாகிஸ்தானியப் பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த உறவினர்களான இரண்டு குழந்தைகளிடம் லெப்டின் மரபணுக் குறைபாட்டை இங்கிலாந்தில் கண்டறிந்தபோது, சுண்டெலிக் கதை மனிதருக்கும் பொருந்தும் என்பது உறுதியானது. அத்தகைய குழந்தைக்கு லெப்டின் ஊசி போட்டபோது தீராத பசி தணிந்தது.

ஆனால் பருத்த உடல் கொண்ட பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருந்தது. ஓலைகள் போய்க்கொண்டே இருந்தன. மேலே வாசிப்பு நடக்கவில்லை, அல்லது அரைகுறையாக நடந்தது. ஆராய்ச்சியின் கவனம் ஹார்மோனை விட்டு ஏற்பிக்கு நகர்ந்தது இந்த ஏமாற்றத்தால்தான். ஏற்பியிடம் கேட்க வேண்டிய கேள்வியோ சிக்கலானது, ஏனெனில் லெப்டின் ஏற்பி ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை: மூளையின் அடித்தளத்தில் பசி, தாகம், உடல்வெப்பம் முதலியவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸில் பல திட்டுகளிலும், நடுமூளையிலும், பின்மூளையிலும், மூளைக்கு வெளியிலும் அது உண்டு. கருவிலேயே மரபணுவை நீக்கிவிட்ட சுண்டெலியை வளர்த்துப் பார்ப்பது பழைய முறை. எல்லாக் குன்றுகளிலும் உள்ள எல்லாக் கணக்குப்பிள்ளைகளையும் அஸ்திவாரம் போட்ட நாளிலேயே துரத்திவிட்டு, கோட்டை ஏன் தடுமாறுகிறது என்று கேட்பதற்கு ஒப்பானது அது. எந்தக் குன்றில் இருந்தவர் எதைக் கவனித்துவந்தார் என்பது அதில் தெரியாது. பிறவியிலிருந்தே பழகிப்போன உடல் வேறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டதா என்பதும் தெரியாது. வளர்ந்த ஓர் உயிரினத்தில், மற்ற எதையும் தொடாமல், ஒரு கடுகளவு இடத்தில் மட்டும் ஒரு மரபணுவைச் சேர்க்கவோ அடக்கவோ வழி வேண்டியிருந்தது. வைரஸ் இங்கேதான் வருகிறது.

தானாக வாழத் தெரியாத, உயிரணுவுக்குள் தன் மரபுச்செய்தியைச் செலுத்தி அதன் இயந்திரங்களைக் கொண்டே பெருகும் துகள் வைரஸ். அதன் நோய் உண்டாக்கும் மரபணுக்களையும் பெருகும் மரபணுக்களையும் அகற்றிவிட்டு, ஆய்வாளர் விரும்பும் மரபணுவை அந்த இடத்தில் வைத்தால், உள்ளே நுழையும் திறமை மட்டும் மிஞ்சிய ஒரு கூடு கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வெக்டர் எனப்படும் இதற்குத் தமிழில் கடத்தி என்ற சொல் வழங்குகிறது. மின்சாரத்தைக் கடத்துவதும் எல்லை தாண்டிப் பொருளைக் கடத்துவதும் ஒரே வினையில் அடங்கிவிடும் தமிழின் வசதி இங்கே தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. வைரஸ் கடத்தி தொலைதூர ஆய்வகத்துப் பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் கொரோனாவுக்காகப் போடப்பட்ட தடுப்பூசிகளில் மிகப் பெரும் பங்கு கோவிஷீல்டு. பெருக முடியாதபடி மாற்றப்பட்ட சிம்பன்சி அடினோவைரஸ் ஒன்றின் கூட்டுக்குள் கொரோனா வைரஸின் முள்புரத மரபணுவை வைத்து அனுப்பியதே அந்தத் தடுப்பூசி. ஆகவே செஞ்சிக் கடைவீதியில் நடப்பவர்களில் பலருடைய தோளில் ஒரு வைரஸ் கடத்தி ஏற்கெனவே வந்து போயிருக்கிறது.

மூளையாராய்ச்சியில் அடினோவைரஸைவிட அதிகமாகப் பயன்படுவது அதன் ஒட்டுணி போன்ற மிகச் சிறிய வைரஸ். 1965இல் அடினோவைரஸ் மாதிரிகளுக்குள் அழுக்குப்போல் கலந்திருந்த துகள்களாகக் கண்டறியப்பட்டதால் ‘அடினோசார் வைரஸ்’ என்ற இரவல் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மனிதருக்கு எந்த நோயையும் அது உண்டாக்குவதாகக் காணப்படவில்லை. அதன் முழு மரபுவரிசையை வாசித்து 1983இல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அருண் ஸ்ரீவாஸ்தவா. இருபுறமும் 145 டி.என்.ஏ. எழுத்துகள் நீளமுள்ள முனைகளை மட்டும் விட்டுவிட்டு நடுவிலுள்ள அனைத்தையும் நீக்கிவிடலாம். ஆனால் கூட்டின் கொள்ளளவு மொத்தம் சுமார் 4,700 எழுத்துகள்தான். லெப்டின் ஏற்பியின் நீண்ட வடிவத்துக்கான செய்தி ஏறத்தாழ 3,500 எழுத்துகள், அதை இயக்கும் தொடக்க விசையையும் சேர்த்தால் கூடு பிதுங்கும். பின்னால் பேசப்படும் எம்சி4ஆர் என்ற ஏற்பிக்கோ 1,000 எழுத்துகளே போதும், தாராளமாக அடங்கும். எந்த ஏற்பியைப் பற்றி எளிதாக ஆராய முடிந்தது என்பதைச் சில சமயம் விஞ்ஞானத்தின் தேவை தீர்மானிக்கவில்லை, சுமைவண்டியின் அளவு தீர்மானித்தது.

வைரஸ் கடத்தியை விளக்கும் எழுத்துகளில் ட்ராய் நகர மரக்குதிரையின் உவமை தவறாமல் வந்துவிடுகிறது. ஆங்கிலேயர்கள் செஞ்சியைக் ‘கிழக்கின் ட்ராய்’ என்று அழைத்ததாகச் சொல்லப்படுவதால், இவ்வூரில் இருந்துகொண்டு அந்த உவமையைச் சொல்லும் ஆசை இன்னும் கூடும். ஆனால் உவமை தவறானது. குதிரையை ஏற்றவர்கள் ஏமாந்தார்கள். வைரஸ் யாரையும் ஏமாற்றுவதில்லை. உயிரணு தன் சொந்தக் காரியங்களுக்காக மேற்பரப்பில் நீட்டிவைத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளிலும் புரதங்களிலும் ஒன்று கூட்டின் வளைவுக்குப் பொருந்திவிடுகிறது; உயிரணு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வைரஸ் நுழைவதற்கும் ஓர் ஏற்பி வேண்டும் என்பதே இதன் பொருள்: ஹார்மோன் ஏற்பியின் மரபணுவைச் சுமந்து செல்லும் தூதன், அதே உயிரணுவின் வேறோர் ஏற்பியைத் தட்டியே உள்ளே போகிறான். கூட்டின் வகையை மாற்றினால் தட்டும் கதவும் மாறுகிறது. ஒரு வகை கல்லீரலுக்குப் போக, இன்னொரு வகை ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக்கூடத் தாண்டுகிறது.

உடற்பருமன் ஆராய்ச்சியில் கடத்திகளின் வருகை ஆரவாரமாகவே நிகழ்ந்தது. 1996இல் டல்லஸ் நகரில் ரோஜர் உங்கர் குழுவினர் லெப்டின் மரபணுவைச் சுமந்த அடினோவைரஸைச் சாதாரண எலிகளின் ரத்தத்தில் செலுத்தியபோது, கண்ணுக்குத் தெரியும் கொழுப்பே அவ்வெலிகளின் உடலிலிருந்து மறைந்துவிட்டது. இதை வாசிக்கும் இந்திய வாசகர் ஒரு முரணை நினைவுகூர வேண்டும். 1980களில் பம்பாய்ப் பகுதியில் கோழிகளைக் கொன்ற ஓர் அடினோவைரஸை ஆராய்ந்த கால்நடை நோயியல் அறிஞர் எஸ். எம். அஜிங்க்யா, இறந்த கோழிகளின் வயிற்றில் வழக்கத்துக்கு மாறாகக் கொழுப்பு மண்டியிருந்ததாகச் சொல்ல, உடற்பருமன் மருத்துவரான நிகில் துரந்தர் அதைப் பிடித்துக்கொண்டார். பருத்த உடல் கொண்ட 52 பேரைச் சோதித்து, அவர்களில் 10 பேரிடம் அந்த வைரஸுக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள் இருப்பதையும், அவர்கள் மற்றவர்களைவிடப் பருத்தும் ரத்தக் கொழுப்பு குறைந்தும் இருந்ததையும் 1997இல் வெளியிட்டார். வைரஸ் ஒன்று மனிதரைப் பருக்கவைக்குமா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. ஆனால் ஒரே குடும்பத்து வைரஸ் பம்பாயில் கொழுப்பைச் சேர்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அதே பத்தாண்டில் டல்லஸில் கொழுப்பைக் கரைக்கும் கூலியாளாக வேலைக்கு அமர்த்தப்பட்டது.

ஆரவாரம் அடங்கியபின் வந்த அமைதியான சோதனைகளே அதிகம் கற்பித்தன. லெப்டின் ஏற்பி முற்றிலும் இல்லாத கோலெட்ஸ்கி எலிகளின் மூளையில், ஹைப்போதலாமஸின் அடியிலுள்ள ஆர்க்குவேட் திட்டில் மட்டும், ஏற்பியின் மரபணுவை அடினோவைரஸ் வழியாகச் சேர்த்த கிரிகரி மார்ட்டன், மைக்கேல் ஷ்வார்ட்ஸ் முதலியோர் பருமன் ஓரளவு தணிவதை 2003இல் காட்டினர். 2006இல் ரால்ஃப் டிலியோன் குழுவினர் நேர்மாறானதைச் செய்தனர்: நல்ல நிலையிலுள்ள எலிகளின் நடுமூளையில், விரும்பியதை நாடவைக்கும் டோபமின் நரம்பணுக்கள் இருக்குமிடத்தில், ஏற்பியின் செய்தியைப் பிடித்து அழிக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டை அடினோசார் வைரஸ் மூலம் செலுத்தி, அங்கிருந்த கணக்குப்பிள்ளையை மட்டும் ஊமையாக்கினர். எலிகள் கூடுதலாகத் தின்றன, சுவையான தீனிமேல் அவற்றின் நாட்டம் கூர்மையானது. பந்தியில் மோருக்கு வயிற்றில் இடமில்லை என்றவர் பாயசத்துக்கு இடம் கண்டுபிடிப்பது அன்றாடக் காட்சி. அந்த இடம் வயிற்றில் இல்லை, நடுமூளையில் இருக்கிறது என்று இச்சோதனையை வைத்துச் சொல்ல முடியும். அடுத்த ஆண்டு ஈஸ்ட்ரஜன் என்ற பெண்மை ஹார்மோனின் ஆல்ஃபா ஏற்பியை ஹைப்போதலாமஸின் வேறொரு திட்டில் இதே முறையில் அடக்கியபோது, பெண் எலிகளும் சுண்டெலிகளும் ஆற்றலைச் செலவிடுவது குறைந்து பருத்தன, சர்க்கரையைக் கையாளும் திறனும் கெட்டது. மாதவிலக்கு நின்றபின் வயிறு பெருக்கும் பெண்ணிடம் ‘வேலை செய்யாமல் உட்கார்ந்தே இருந்தால் இப்படித்தான்’ என்று வீட்டார் சொல்லும் வார்த்தையின் அநியாயம் இதற்குமுன் இத்தனை துல்லியமாக நிறுவப்பட்டதில்லை.

இவையனைத்திலும் ஆழ்ந்து நிற்க வேண்டியது 2005இல் ராபர்ட்டோ கோப்பாரி முதலியோர் வெளியிட்ட சோதனை. லெப்டின் ஏற்பியின் மரபணு பூட்டிவைக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கி, பூட்டைத் திறக்கும் நொதியின் மரபணுவை மட்டும் அடினோசார் வைரஸில் ஏற்றி, ஆர்க்குவேட் திட்டின் ஒரு பக்கத்தில் செலுத்தினார்கள். மூளை முழுவதும் பூட்டியபடியே இருக்க, ஒரு சிறு அறை மட்டும் திறந்தது. உடல் எடையும் தீனியும் சிறிதளவே குறைந்தன. ஆனால் ரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்தது, மிதமிஞ்சியிருந்த இன்சுலின் பெரிதும் இறங்கியது, முடங்கிக் கிடந்த சுண்டெலிகள் ஓடியாடத் தொடங்கின. பருமனும் சர்க்கரை நோயும் ஒன்றன் நிழல் மற்றொன்று என்று எண்ணிவந்த மருத்துவத்துக்கு, ஒரே ஹார்மோனின் ஒரே ஏற்பி ஓரிடத்தில் எடையையும் இன்னோரிடத்தில் சர்க்கரையையும் பிரித்துக் கவனிக்கக்கூடும் என்ற செய்தி அங்கே கிடைத்தது. ஏற்பி என்ன செய்கிறது என்று கேட்பதைவிட எங்கே இருந்துகொண்டு செய்கிறது என்று கேட்பதே பொருளுள்ள கேள்வி என்றாயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்கும் நாக்கு வைரஸ் கடத்தியிடம்தான் இருந்தது.

தென்னாட்டு வாசகருக்கு இந்தப் பிரிவினை வெறும் எலிச் செய்தியல்ல. புணேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் 2004இல் தங்கள் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடையின் குறியீட்டெண் இருவருக்கும் 22.3தான், ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரிந்துகொண்டே வயிற்றில் கொழுப்பும் ரத்தத்தில் சர்க்கரையும் சேர்க்கும் உடல் இந்தியருக்கு அறிமுகமானது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் (INDIAB) ஆய்வில், நாட்டில் பொதுவான உடற்பருமன் 28.6 விழுக்காட்டினருக்கு இருக்க, வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினருக்கு இருந்தது. செஞ்சியிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடும் புதுச்சேரியில் நான்கில் ஒருவருக்குமேல் நீரிழிவு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை கொண்டவர்கள். சுற்றுவட்டார நெல்லெல்லாம் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் கொண்ட செஞ்சியில் களஞ்சியக் கவலை நீங்கிவிட்டது. முற்றுகைக் காலத்துக் கணக்கு மட்டும் உடலுக்குள் தொடர்ந்து எழுதப்படுகிறது.

லெப்டினின் ஓலை வாசிக்கப்பட்டபின் அடுத்த கட்டத்தில் ஆணையை நிறைவேற்றும் ஏற்பி, மெலனோகார்ட்டின்-4 ஏற்பி எனப்படும் எம்சி4ஆர். இதன் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே பசி கட்டுக்கடங்காமல் போகும் என்பது 1998இல் தெரிந்தது. சிறுவயதிலேயே கடுமையாகப் பருத்த 500 பேரை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் குழுவினர் அவர்களில் 29 பேரிடம் இப்பழுதை 2003இல் கண்டனர். 2008இல் இந்திய வம்சாவளியினர் 2,684 பேரின் மரபுவரிசைகளை அலசிய லண்டன் ஆய்வாளர்களின் வலையில் சிக்கியதும் இந்த மரபணுவின் சுற்றுப்புறமே: ஓர் எழுத்து மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களின் இடுப்புச் சுற்றளவு சுமார் 2 சென்டிமீட்டர் கூடியிருந்தது. அரைஞாண் கயிற்றில் ஒரு முடிச்சைத் தளர்த்திக் கட்டும் அளவுதான். ஆனால் வயிற்றுப் பருமன் பரவலாக உள்ள ஒரு மக்கள்கூட்டத்தில் அது சிறிய அளவல்ல. அந்த எழுத்து மரபணுவுக்குள் இல்லை, ஒரு லட்சம் எழுத்துகளுக்கும் அப்பால், மரபணுவை எப்போது எங்கே ஏற்றுவது இறக்குவது என்பதைக் கட்டுப்படுத்தும் விசைகள் மறைந்திருக்கக்கூடிய வெளியில் இருக்கிறது.

விசைகளைத் தொடும் வித்தையை 2019இல் சயன்ஸ் இதழில் காட்டியவர்களில் முதன்மையானவர் ஐதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு மையத்தில் பயின்று கலிஃபோர்னியா சென்ற நவ்நீத் மாத்தாரு. டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 புரதத்தின் கத்தியை முறித்துவிட்டு, அதன்மேல் மரபணுவை உசுப்பும் ஒரு துண்டை ஒட்டி, அதை ஒரு வைரஸிலும், எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டும் ஆர்.என்.ஏ.வை இன்னொரு வைரஸிலும் ஏற்றி (ஒரே கூட்டில் இரண்டும் அடங்கா), சுண்டெலியின் ஹைப்போதலாமஸில் செலுத்தினார்கள். பழுதான பிரதி பழுதாகவே இருந்தது. மிஞ்சியிருந்த நல்ல பிரதி இரண்டு மடங்கு உழைக்கவைக்கப்பட்டது. ஒரு பிரதி மட்டும் கொண்ட சுண்டெலிகள் பருப்பது குறைந்தது. எம்சி4ஆரோடு சேர்த்து ஆராய்ந்த சிம்1 என்ற மரபணுவில், மரபணுவின் தலைவாசலைத் தட்டாமல், 2,70,000 எழுத்துகள் தள்ளியிருந்த விசையைத் தட்டியபோது, அந்த விசை இயல்பாக விழித்திருக்கும் திசுக்களில் மட்டுமே மரபணு உசும்பியது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஊசிமுனையிடமிருந்து மரபணுவிடமே திரும்பிச் சென்றது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இவற்றை மனிதருக்குச் செய்யலாமா என்ற கேள்விக்கு வேலூர் ஒரு பதில் வைத்திருக்கிறது, ஆனால் அது வேறொரு நோய்க்கான பதில். 1986இல் சென்னையில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில், எய்ட்ஸ் உண்டாக்கும் எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில். அதே கல்லூரியில் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர், எச்.ஐ.வி.யின் குடும்பத்திலிருந்து வடிக்கப்பட்ட லென்டிவைரஸ் கடத்தியைக் கொண்டு, ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐவரின் குருத்தணுக்களில் உறைகாரணியின் மரபணுவைச் சேர்த்து, அவர்களுக்கு ரத்தப்போக்கு நின்றதை 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். கொடும் நோயின் கிருமியே ஊழியனாகும் வட்டம் ஒரே வளாகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளில் முழுமை பெற்றது. ஆனால் ரத்தத்தின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப வைக்கலாம். ஹைப்போதலாமஸை வெளியே எடுக்க முடியாது. ஒரு முறை நரம்பணுவுக்குள் போன கடத்தியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. 1999இல் பென்சில்வேனியாவில் அடினோவைரஸ் கடத்தி செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் நான்கே நாளில் இறந்தது இத்துறை மறக்கக்கூடாத கணக்கு. உயிரைப் பறிக்கும் அரிய நோய்க்கு ஏற்கத்தக்க ஆபத்து, இடுப்பின் சுற்றளவுக்கு ஏற்கத்தக்கதல்ல.

ஆகவே உடற்பருமனில் கடத்தியின் பணி மருந்தாவதல்ல, மருந்துக்கு இடஞ்சுட்டுவது. 2025இல் இந்தியச் சந்தைக்கு எடைக்குறைப்பு ஊசியாக வந்த செமாகுளூடைட், ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனின் ஏற்பியைத் தேடி உடலெங்கும் போகிறது. இடம் அறியாத அதன் பயணத்தில் பசி அடங்குவதோடு குமட்டலும் சேர்ந்து வருகிறது. இவ்விரண்டும் ஒன்றன் விளைவு மற்றொன்றா, அல்லது அடுத்தடுத்த இரண்டு அறைகளின் வேலையா என்ற கேள்வியை அமெரிக்காவின் மோனெல் மையத்தைச் சேர்ந்த ஆம்பர் ஆல்ஹாடெஃப் குழுவினர் சுண்டெலிகளின் பின்மூளையில் எழுப்பினர். 2024இல் அவர்கள் வெளியிட்ட விடையின்படி, ஒட்டியிருக்கும் இரண்டு திட்டுகளில் ஒன்றிலுள்ள ஏற்பி நரம்பணுக்கள் வெறுப்பை உண்டாக்காமலே நிறைவைத் தருகின்றன, மற்றொன்றில் உள்ளவை அந்த வெறுப்பையே எழுப்புகின்றன.

இத்தகைய சோதனைகள் ஒவ்வொன்றிலும் வெளியாகும் வரைபடங்களுக்குப் பின்னால் சொல்லப்படாத ஒரு கூட்டம் உண்டு. வைரஸோடு பச்சையாக ஒளிரும் புரதமொன்றின் மரபணுவையும் சேர்த்தே செலுத்துவது வழக்கம். சோதனை முடிந்தபின் மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து நுண்ணோக்கியில் வைத்து, பச்சை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஊசி அரை மில்லிமீட்டர் விலகி, குறித்த திட்டுக்குப் பக்கத்தில் பச்சை விழுந்த எலிகள் சில எப்போதும் இருக்கும். அவற்றைச் சில ஆய்வகங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுகின்றன. சில, தனிப் பட்டியலாக வைத்துக்கொள்கின்றன. அதே வைரஸ், அதே மரபணு, அதே தீனி, அதே நாட்கள். பக்கத்து அறையில் விழுந்ததால் எதுவும் மாறாமல், அந்த எலிகள் முன்போலவே தின்றுகொண்டு, முன்போலவே எடை கூடிக்கொண்டிருந்திருக்கும்.